ஒரே கேபிள் லைனில் இரண்டு டிவி: ஸ்பிளிட்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேட்டது இதுதான்: கீழே ஹாலில் ஒரு டிவி, மாடி அறையில் இன்னொன்று, இரண்டுக்கும் தனித்தனி செட்டாப் பாக்ஸ், ஆனால் தெருக் கம்பத்திலிருந்து வருவது ஒரே கேபிள். ஜன்னல் சன்ஷேடுக்கு மேலே ஒரு நாலு வழி ஸ்பிளிட்டர் போட்டிருக்கிறார்கள், "பின்னால் தேவைப்படும்" என்று. ஹாலில் படம் ஓரளவு சரியாக வருகிறது, மாடியில் சில சேனல்கள், குறிப்பாக எச்டி சேனல்கள், கட்டம் கட்டமாக உடைகின்றன, மழை வந்தால் மாடி பாக்ஸ் 'நோ சிக்னல்' காட்டுகிறது. பூஸ்டர் வாங்கலாமா, இல்லை விலை கூடிய ஸ்பிளிட்டர் வாங்கலாமா?

பூஸ்டர் இப்போதைக்கு வேண்டாம். விலை கூடிய நாலு வழியும் வேண்டாம். ஒரு நல்ல இரண்டு வழி ஸ்பிளிட்டரும், இரண்டு பக்கமும் புதிதாகப் போட்ட பின்களும் (கேபிள் நுனியில் மாட்டித் திருகும் முனை) போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்துவிட்டால் கேபிள்காரர் வந்து நிற்கும்போது அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஸ்பிளிட்டர் வருகிற சிக்னலைப் பங்கு போடுகிறது, அவ்வளவுதான். இரண்டு வழி என்றால் ஒவ்வொரு பக்கமும் பாதி, கணக்குப்படி 3 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) இழப்பு. உள்ளே இருக்கும் சின்ன ஃபெரைட் வளையமும் கம்பிச் சுற்றும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் நடைமுறையில் 3.5. நாலு வழி என்பது உள்ளுக்குள் இரண்டு வழியை இரண்டு அடுக்காகப் போட்டதுதான், அதனால் 7 டெசிபல், அதாவது ஒவ்வொரு வாய்க்கும் வந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. எட்டு வழி என்றால் 11 பக்கம் போய்விடும். இங்கே பலருக்கும் ஒரு தப்பெண்ணம் உண்டு: தண்ணீர்க் குழாயில் இரண்டு திருகை மூடினால் மற்ற இரண்டில் வேகம் கூடுகிற மாதிரி, நாலு வழியில் இரண்டு வாயைக் காலியாக விட்டால் மிச்ச இரண்டுக்கும் கூடுதலாகக் கிடைக்கும் என்று. கிடைக்காது. காலியாக இருந்தாலும் அந்த வாய்க்கான பங்கு வீணாகத்தான் போகிறது. பின்னால் தேவைப்படும் என்று நாலு வழி போட்டு வைப்பது இன்றைக்கே 3.5 டெசிபலைத் தூக்கிப் போடுவது.

உங்கள் வீட்டை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சன்ஷேடு வரை வரும் லைனில் மேல் அலைவரிசைகளில் 63 டெசிபல் மைக்ரோவோல்ட் (லைனில் வரும் சிக்னலின் பலத்தைச் சொல்லும் அளவு) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இது நான் எடுத்துக்காட்டுக்கு எடுத்த எண், உங்கள் லைனில் எவ்வளவு என்பதைக் கேபிள்காரரின் மீட்டர்தான் சொல்ல வேண்டும். வீடுகளில் வழக்கமாக ஓடும் ஆர்ஜி-6 ரகக் கேபிள் 860 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 10 மீட்டருக்குச் சுமார் 2 டெசிபல் தின்னும். ஹாலுக்கு 10 மீட்டர், மாடிக்குச் சுற்றி வளைத்து 20 மீட்டர். நாலு வழி போட்டால் ஹாலில் 54, மாடியில் 52. இரண்டு வழி போட்டால் ஹாலில் 57.5, மாடியில் 55.5. இப்போது பாக்ஸுக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள்: 64-க்வாம் முறையில் அனுப்பப்படும் சேனல்களுக்கு 47-லிருந்து 67 வரை, இன்னும் நெருக்கி அடைத்து அனுப்பும் 256-க்வாமுக்கு 54-லிருந்து 74 வரை என்பது ஐரோப்பியத் தரநிலை சொல்லும் அளவு. உங்கள் லைனில் எச்டி சேனல்கள் 256-க்வாமில் வந்தால், மாடியில் சாதாரண சேனல்கள் ஓடி எச்டி மட்டும் உடைவது ஏன் என்பதற்கு இதுவே விளக்கமாக இருக்கலாம். இரண்டு டெசிபல் கம்மி, அவ்வளவுதான் விஷயம். ஹாலும் சரியாக விளிம்பில்தான் நின்றுகொண்டிருக்கிறது, அது உங்களுக்குத் தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணம் டிஜிட்டல். அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், இன்னும் குறைந்தால் பனி கொட்டும், ஆனாலும் குரல் வரும், கிரிக்கெட் ஸ்கோர் தெரியும். டிஜிட்டலில் போதுமான அளவு இருக்கும் வரை படம் கண்ணாடி போல இருக்கும், அதற்குக் கீழே போனதும் ஒரேயடியாக உடையும். சென்னையில் 2003-லேயே கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமாகிவிட்டது, அரசு கேபிளுக்கு 2017-ல்தான் டிஜிட்டல் உரிமம் வந்தது, ஆக நம் ஊரில் நிறைய வீடுகளில் சுவருக்குள் ஓடும் வயரும் அட்டத்தில் தொங்கும் ஸ்பிளிட்டரும் அனலாக் காலத்து ஆட்கள் அனலாக் பார்ப்பதற்காகப் போட்டவை. அப்போது வயரை உரித்து, இரண்டையும் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றினாலும் இரண்டு டிவியும் ஓடியது. இந்த முறுக்கு ஜாயின்ட் இன்னும் உங்கள் வீட்டில் எங்காவது இருந்தால் முதலில் அதைத் தேடிப் பிடித்து வெட்டி எறியுங்கள். கேபிள் 75 ஓம், இரண்டு கிளையைச் சேர்த்து முறுக்கினால் அந்த இடம் 37.5 ஓமாகத் தெரியும், வந்த சிக்னலில் ஒரு பகுதி முட்டிக்கொண்டு திரும்பும். அதைவிட மோசம், ஒரு பாக்ஸின் தொந்தரவு நேராக இன்னொன்றுக்குப் போகும். ஒழுங்கான ஸ்பிளிட்டரில் ஒரு வெளிவாய்க்கும் அடுத்த வெளிவாய்க்கும் நடுவில் 20 டெசிபலுக்கு மேல் தடுப்பு இருக்கும்.

அட்டத்தைச் சொன்னேன் இல்லையா, அங்கே ஒரு தடவை ஏறிப் பாருங்கள். கம்பத்திலிருந்து டிவி வரைக்கும் வயரைக் கையால் தொடர்ந்து போனால், பழைய மூன்றாவது அறைக்குப் போன ஒரு ஸ்பிளிட்டர் யாருக்கும் தேவையில்லாமல் நடுவில் உட்கார்ந்து தன் 3.5 டெசிபலைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது ரொம்ப சாதாரணம்.

சில சேனல் மட்டும் உடைவதைப் பற்றி. கேபிளில் ஒவ்வொரு சேனலும் தனியாக வருவதில்லை, 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அலைவரிசையில் ஒரு கூட்டம் சேனல்கள் சேர்ந்து வருகின்றன. அதனால் உடையும்போது ஒரு கூட்டமாக உடையும். பாக்ஸின் மெனுவில் சிக்னல் தகவல் என்று ஒரு பக்கம் பெரும்பாலும் இருக்கும், அதில் இப்போது ஓடும் சேனலின் அலைவரிசை, பலம், தரம் மூன்றும் தெரியும். உடைகிற நாலைந்து சேனலுக்கும் உடையாத நாலைந்து சேனலுக்கும் இந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். உடைவதெல்லாம் 600, 700-க்கு மேலே இருந்தால் கேபிள் நீளம், பழைய மெல்லிய ஆர்ஜி-59 வயர், தண்ணீர் இறங்கிய கேபிள், அல்லது மட்டமான ஸ்பிளிட்டர், இவற்றில் ஒன்று. மேல் அலைவரிசைதான் வயரில் அதிகம் கரையும். மாறாக, கீழே இருக்கும் அலைவரிசைகள் போய் மேலே இருப்பவை நன்றாக வந்தால் உங்கள் சந்தேகம் நேராகப் பின்னுக்குப் போக வேண்டும்: நடுக்கம்பி உள்ளே ஒட்டாமல் மயிரிழை இடைவெளி இருந்தால் அது கப்பாசிட்டர் மாதிரி வேலை செய்யும், மேல் அலைவரிசை தாண்டிக் குதித்துவிடும், கீழ் அலைவரிசை நின்றுவிடும். இரண்டு பாக்ஸையும் இடம் மாற்றிப் பார்ப்பதும் நல்லது, பாக்ஸே கோளாறாக இருந்தால் குற்றம் அதனுடனே மாடியிலிருந்து ஹாலுக்கு இறங்கிவரும்.

இனி பின். என் அபிப்பிராயத்தில் வீட்டுக்குள் வரும் கேபிள் தொல்லையில் பெரும்பகுதி எஃப் பின்னில்தான் இருக்கிறது, ஸ்பிளிட்டரில் இல்லை, ஆனால் மாற்றுவது எப்போதும் ஸ்பிளிட்டரைத்தான். ஸ்பிளிட்டரிலிருந்து ஒரு பின்னைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுக்கம்பி பளிச்சென்று செம்பு நிறத்தில், வளையாமல், பின்னின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே தரையில் வெள்ளைப் பிளாஸ்டிக் சமமாக வந்து நிற்க வேண்டும், பள்ளமாகவும் இருக்கக்கூடாது, மேடாகவும் இருக்கக்கூடாது. உறைக்கு உள்ளே சுற்றியிருக்கும் வலைக்கம்பியில் ஒரு இழை, கண்ணுக்கே தெரியாத ஒரு இழை, நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், ஷார்ட். கம்பியின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டி எடுங்கள், அதுதான் ஒட்டாமல் செய்யும். கம்பி கறுத்திருந்தால், அல்லது துருப் பிடித்திருந்தால் அந்த முனையை ஒரு சாண் வெட்டித் தள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். துருவா என்று கேட்காதீர்கள், ஆர்ஜி-6-ன் நடுக்கம்பி பெரும்பாலும் முழுச் செம்பு கிடையாது, எஃகுக் கம்பியின் மேல் செம்பு பூசியது. உயர் அலைவரிசை மேல்தோலில்தான் ஓடும் என்பதால் அதுவே போதும், ஆனால் கத்தியால் அழுத்தி உரிக்கும்போது அந்தத் தோல் கீறிப் போனால் செம்பும் போச்சு, எஃகும் துருப்பிடிக்கும்.

போடும் முறை கடினம் இல்லை. மேல் உறையைச் சுமார் 12 மில்லிமீட்டர் உரித்து, வலைக்கம்பியை முழுதாகப் பின்னால் உறையின் மேல் மடித்து, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் நுனியிலிருந்து 6 மில்லிமீட்டரை மட்டும் எடுத்துவிட வேண்டும், அதன் மேல் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளைக் கிழிக்க வேண்டாம். பிறகு பின்னைத் திருகிச் சொருகி உள்ளே தரை வரை தள்ளுவது. கையால் திருகும் பின் வீட்டுக்குள் ஓகே, ஆனால் இழுத்தால் கழன்றுவரும். இடுக்கியால் நசுக்குவது கட்டாயம் வேண்டாம், வட்டம் நெளிந்துவிடும். கம்ப்ரஷன் பின்தான் நல்லது, அதற்குத் தனிக் கருவி வேண்டும், ஒரு வீட்டுக்காகக் கருவி வாங்குவது வீண் செலவு, கேபிள்காரரிடம் இருந்தால் அவரையே போடச் சொல்லுங்கள். இன்னொன்று: தெருவில் ஓடும் தடித்த ஆர்ஜி-11 கேபிளின் நடுக்கம்பி 1.6 மில்லிமீட்டர், ஆர்ஜி-6-ல் 1 மில்லிமீட்டர்தான். அந்தத் தடித்த கம்பியை அப்படியே ஸ்பிளிட்டர் வாய்க்குள் திணித்து எடுத்தால் உள்ளே இருக்கும் கவ்வி விரிந்துவிடும், அப்புறம் அந்த வாய் சாதாரண கேபிளை இறுக்கிப் பிடிக்கவே பிடிக்காது.

சரி, கடைக்குப் போனால் எதைப் பார்த்து வாங்குவது? மேலே 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு வெளிவாய்க்குப் பக்கத்திலும் எத்தனை டெசிபல் இழப்பு என்று போட்டிருக்க வேண்டும். 5–2400 என்று போட்டது டிஷ்ஷுக்கானது. எண் பெரிதாக இருப்பதால் கேபிளுக்கும் அது மேல் என்று கடைக்காரர் சொல்வார், அப்படி எதுவும் இல்லை. பின்பக்க மூடி சுற்றிலும் ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் நல்லது, வெறும் பசையால் ஒட்டியதை வெளியில் வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. மிக மட்டமானவற்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஃபெரைட்டே இருக்காது, இரண்டு ரெசிஸ்டர் மட்டும் இருக்கும், அதில் இழப்பு 6 டெசிபல், தடுப்பும் அவ்வளவு இருக்காது. தங்க முலாம் பூசியது, டிஜிட்டல் ஸ்பெஷல் என்று எழுதியது, இதற்கெல்லாம் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்று டிவி இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வழி ஸ்பிளிட்டரில் பல, உள்ளே இரண்டு வழியை இரண்டு தடவை போட்டதுதான், ஒரு வாயில் 3.5, மற்ற இரண்டில் 7 என்று போட்டிருக்கும். அந்த 3.5 வாயைத் தூரத்து அறைக்குக் கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ஸ்பிளிட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் டிவிக்கு அதைக் கொடுத்துவிட்டு, மாடிக்கு வரவில்லை என்று புலம்புவதுதான் நடக்கிறது. ஒரு அறை ரொம்ப தூரம், இன்னொன்று ரொம்பப் பக்கம் என்றால் ஸ்பிளிட்டரை விட டேப் (ஒட்டும் டேப் இல்லை, லைனிலிருந்து ஒரு பங்கை மட்டும் பிரித்தெடுக்கும் சாதனம்) என்ற சமாச்சாரம் பொருத்தம்: கம்பத்தில் கேபிள்காரர் வைத்திருப்பதும் இதே குடும்பம்தான். 6 டெசிபல் டேப் என்றால் பக்கத்து டிவிக்கு 6 குறையும், நேராகப் போகும் வழியில் சுமார் 2 மட்டும் குறையும், மிச்சம் எல்லாம் தூரத்து அறைக்கு. உங்கள் வீட்டுக் கணக்கில் இதைப் போட்டால் ஹால் 55, மாடி 57. உங்களுக்கு இரண்டு வழியே போதும், மாடிக் கேபிள் நாற்பது ஐம்பது மீட்டர் ஓடும் வீடாக இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

உள்வாயையும் வெளிவாயையும் மாற்றி மாட்டுவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கும், ஏனென்றால் மாற்றி மாட்டினாலும் ஒரு டிவி ஓடும். வருகிற லைனை ஒரு வெளிவாயில் மாட்டினால், உள்வாயில் மாட்டிய டிவிக்கு வழக்கம்போல 3.5 குறைந்து கிடைக்கும், மற்றதற்கு அந்த 20 டெசிபல் தடுப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒன்று பிரமாதமாக ஓடி, இன்னொன்று சுத்தமாகச் செத்துக் கிடந்தால் ஸ்பிளிட்டரின் மேல் எந்த வாய் எது என்று எழுதியிருப்பதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மழைக்கு வருவோம். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் மாடி டிவி போகிறது என்றால் தண்ணீர் உள்ளே போகிறது, வேறு மர்மம் எதுவும் இல்லை. ஸ்பிளிட்டரை மழை படாத இடத்துக்கு, முடிந்தால் வீட்டுக்குள்ளேயே மாற்றுங்கள். முடியாவிட்டால் வாய்கள் கீழே பார்த்தபடி மாட்டுங்கள், ஒவ்வொரு கேபிளும் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து அப்புறம் மேலேறி ஸ்பிளிட்டருக்கு வர வேண்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பின்னுக்கு ரப்பர் தொப்பி, அல்லது தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை விட்டு, உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அதற்குச் சுற்றாமலே இருக்கலாம். கடற்கரையோரம் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்ப்பது நல்லது, உப்புக்காற்று திருகுமரையை வெள்ளையாக அரித்துவிடும். தண்ணீர் ஒருமுறை வலைக்கம்பி வழியே கேபிளுக்குள் இறங்கிவிட்டால் காய வைப்பதெல்லாம் கதை, அந்த நீளத்தை மாற்றத்தான் வேண்டும்.

காலியாக இருக்கும் வாய்க்கு 75 ஓம் டெர்மினேட்டர் என்று ஒரு சின்ன மூடி கிடைக்கும், திருகிவிடுங்கள். இது இல்லாவிட்டால் இரண்டு தொல்லை: திறந்த வாயில் முட்டிய சிக்னல் திரும்பி வந்து மற்றதோடு கலப்பது ஒன்று, வெளியிலிருந்து உள்ளே நுழைவது இன்னொன்று. நுழைவது எது என்கிறீர்களா, உங்கள் போன்தான். கேபிள் டிவி 47-லிருந்து 862 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது, 850 பேண்டில் ஓடும் 4ஜி போன் டவருக்குப் பேசுவது 824–849-ல், 700 பேண்டில் ஓடும் 5ஜி போன் பேசுவது 703–748-ல். இரண்டும் கேபிளின் மடியில்தான். பாக்ஸுக்குப் பக்கத்தில் போனை வைத்திருக்கும்போது மட்டும் குறிப்பிட்ட சில சேனல் உடைந்தால் எங்கோ ஒரு பின் தளர்ந்திருக்கிறது, அல்லது வலைக்கம்பி ஒழுங்காக மடிக்கப்படவில்லை. விரலால் இறுக்கிய பிறகு ஸ்பேனரால் கால் சுற்று, அதற்கு மேல் முறுக்கினால் வாயே கழன்று சுற்றும்.

பூஸ்டரை ஏன் வேண்டாம் என்றேன்? அது சிக்னலோடு சேர்ந்து வரும் இரைச்சலையும் பெருக்கும், தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும். உடைந்து போன படத்தை மாடியில் டிவிக்குப் பின்னால் பூஸ்டர் வைத்து ஒட்டவைக்க முடியாது, பாக்ஸில் பலம் 90 காட்டும், தரம் அதே இடத்தில் நிற்கும். கெட்டுப்போவதற்கு முன்னால், அதாவது ஸ்பிளிட்டருக்கு முந்திய லைனில், சிக்னல் சுத்தமாக இருக்கும்போது வைத்தால்தான் பயன். அப்போதும் தேவையான அளவுக்குத்தான், ஸ்பிளிட்டரும் வயரும் தின்பதை ஈடுகட்டினால் போதும். கைப்பிடியை முழுதாகத் திருகி வைத்தால் நூற்றுக்கணக்கான சேனலும் ஒன்றோடொன்று கலந்து உள்ளேயே புதிய இரைச்சல் உண்டாகும், அப்புறம் நன்றாக வந்த ஹாலும் போகும். ஐந்தாறு டிவி இருக்கும் வீடு, லாட்ஜ், மேன்ஷன் என்றால் பூஸ்டர் நியாயம். இரண்டு டிவிக்கு அது தேவைப்பட்டால் வருகிற லைனிலேயே குறை இருக்கிறது என்று அர்த்தம்.

பின்னைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்று பலர் சொல்வார்கள், உங்களுக்கும் அடித்தால் பயப்படுவதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில் ஓடும் பாக்ஸ், டிவி அடாப்டர்களிலிருந்து மிகச் சிறிய கசிவு மின்சாரம் கேபிளின் வலைக்கம்பிக்கு வரும், அதுதான் அந்த எறும்புக் கடி. ஆனால் எறும்புக் கடிக்கு மேல், உதறும்படி அடித்தால் அது கசிவு இல்லை, எங்கோ ஒரு சாதனம் கெட்டிருக்கிறது, உங்கள் வீட்டில்தான் என்று இல்லை, அதே லைனில் இருக்கும் அடுத்த வீட்டிலும் இருக்கலாம். தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எப்படியும் ஸ்பிளிட்டரில் கைவைக்கும் முன் இரண்டு அறையிலும் பாக்ஸ், டிவி இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுவது வழக்கமாக இருக்கட்டும். ஸ்பிளிட்டரின் ஓரத்தில் ஒரு தனித் திருகு இருக்கும், யாரும் கவனிப்பதில்லை, எர்த் வயர் மாட்டத்தான் அது.

டிஷ் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்துவிடக் கூடாது. டிஷ்ஷின் எல்என்பியிலிருந்து (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் பெட்டி) இறங்குவது 950–2150 மெகாஹெர்ட்ஸ், கேபிள் ஸ்பிளிட்டர் 1000-த்தோடு நின்றுவிடும். அது மட்டும் இல்லை, எல்என்பிக்குக் கரண்ட் போவதே பாக்ஸிலிருந்து அதே வயர் வழியாகத்தான், 13 வோல்ட் போனால் ஒரு வகை அலை, 18 வோல்ட் போனால் இன்னொரு வகை. இரண்டு பாக்ஸையும் ஒரு எல்என்பியில் கட்டினால் ஒன்று 13 கேட்கும்போது இன்னொன்று 18 கொடுக்கும், பெரியது ஜெயிக்கும், முதல் அறையில் பார்த்துக்கொண்டிருந்த சேனல் காணாமல் போகும். டிஷ்ஷுக்கென்றே விற்கும் 5–2400 ஸ்பிளிட்டரை வாங்கி, அதில் பவர் பாஸ் என்று குறித்த வாயைச் சரியாக மாட்டினாலும் இந்தச் சண்டை தீராது, எல்லாச் சேனலும் ஒரே வகை அலையில் வரும் சர்வீஸாக இருந்தால் மட்டும் ஓடும். கேபிள் ஸ்பிளிட்டரைத் தெரியாமல் மாட்டினால் சில சமயம் பாக்ஸின் வோல்ட் நேராகப் பூமிக்குப் போய் ஷார்ட் என்று திரையில் எழுத்து வரும். டிஷ்ஷுக்கு நேர்வழி, இரண்டு வெளிவாய் உள்ள ட்வின் எல்என்பி போட்டு ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி வயர் இறக்குவது.

இதே கேபிள் (கோஆக்ஸ்) லைனில் இன்டர்நெட் மோடமும் இருந்தால், முதலில் ஒரு இரண்டு வழி போட்டு ஒரு வாயை மோடமுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, டிவிக்கான பிரிவையெல்லாம் மறு வாய்க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மோடம் திருப்பி அனுப்பவும் செய்யும், 5-லிருந்து 42 அல்லது 65 மெகாஹெர்ட்ஸ் வரை, அதனால்தான் 5-ல் தொடங்கும் ஸ்பிளிட்டர் என்றேன். திரும்பு வழி இல்லாத பூஸ்டரை அந்தப் பாதையில் வைத்தால் நெட் அன்றோடு காலி.

இப்போது பல ஊர்களில் வீடு வரை ஃபைபர் வருகிறது. நெட்டோடு கேபிள் டிவியையும் ஒளியாகவே அனுப்பி, வீட்டில் நோட் என்ற ஒரு சின்னப் பெட்டி அதைக் கோஆக்ஸ் சிக்னலாக மாற்றும். அந்த நோடுக்குப் பிறகு எல்லாம் மேலே சொன்ன கதைதான், ஃபைபரில் மட்டும் கைவைக்காதீர்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் டிவி ஓடுகிறது, சிக்னல் மட்டும் இல்லை என்பார்கள், நோடின் அடாப்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக்கில் இருக்கும்.

ஸ்பிளிட்டரே வாங்காமல் முயற்சி செய்ய ஒரு வழியும் இருக்கிறது. உங்கள் பாக்ஸின் பின்னால் ஆர்எஃப் அவுட் என்று இன்னொரு வாய் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் லைனை ஹால் பாக்ஸுக்குக் கொடுத்து, அந்த வாயிலிருந்து மாடிக்கு இழுக்கலாம், பல பாக்ஸ்களில் இந்த வழியில் இழப்பு குறைவு. சில மாடல்களில் ஹால் பாக்ஸின் சுவிட்சை அணைத்தால் மாடியும் அணைந்துவிடும் என்பதுதான் சிக்கல், பாட்டி கீழே அணைத்துவிட்டுப் படுத்தால் மேலே மேட்ச் நின்றுவிடும்.

ஆக உங்கள் வீட்டில் செய்ய வேண்டியதை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஸ்பிளிட்டரைக் கழற்றி, வருகிற லைனை ஒரு எஃப் ஜாயினரால் மாடிக் கேபிளோடு நேராகச் சேர்த்து, மாடி பாக்ஸை மட்டும் ஓட விடுங்கள். அப்போதும் எச்டி உடைந்தால் ஸ்பிளிட்டர் மேல் பழி போட வேண்டாம், அந்த 20 மீட்டர் வயரோ பின்னோ வருகிற லைனோ கெட்டிருக்கிறது. உடையாமல் ஓடினால் நாலு வழியைத் தூக்கிவிட்டு இரண்டு வழி போட்டு, முனைகளையெல்லாம் வெட்டிப் புதுப் பின் போட்டு, மழை படாத இடத்தில் மாட்டுங்கள். இதற்குப் பிறகும் மாடி விளிம்பிலேயே நின்றால் கேபிள்காரரிடம் "சிக்னல் வரல அண்ணே" என்று மட்டும் சொல்லாமல், மீட்டரைக் கொண்டுவந்து சன்ஷேடு லைனில் மேல் அலைவரிசை ஒன்றையும் கீழ் அலைவரிசை ஒன்றையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். 60-க்கும் கீழே இருந்தால் கம்பத்தில் உங்கள் வீட்டுக்கான டேப்பைக் குறைந்த டெசிபலுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், அது அவர் பக்கத்து வேலை, அதற்காக நீங்கள் பூஸ்டர் வாங்கத் தேவையில்லை.